48 கோல்களும் சோல்னாவில் நடந்த ஆள்மாற்றமும்: லினேக்கரின் இங்கிலாந்து ஆட்டங்களை எப்படி மதிப்பிடுவது?

சுவடி (இழையைத் தொடங்கியவர்)

முன்கள வீரர் கேரி லினேக்கர் 1984 முதல் 1992 வரை இங்கிலாந்துக் கால்பந்து அணிக்காக 80 ஆட்டங்கள் ஆடி 48 கோல்கள் அடித்தார். அப்போதைய இங்கிலாந்துச் சாதனை பாபி சார்ல்டனின் 49. அந்த ஒரு கோல் குறைந்துபோனதைச் சுற்றியே அவரைப் பற்றிய பேச்செல்லாம் நடப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சலிப்பாக இருக்கிறது. 1992 ஜூன் 17 அன்று, ஸ்டாக்ஹோமை ஒட்டிய சோல்னாவின் ராசுண்டா மைதானத்தில், ஐரோப்பியக் கோப்பையின் கடைசிக் குழு ஆட்டத்தில் ஸ்வீடனும் இங்கிலாந்தும் 1-1 என்று சமநிலையில் இருந்தன. வென்றால் இங்கிலாந்துக்கு அரை இறுதி உறுதி. ஆட்டம் முடிய அரைமணிக்குச் சற்றுக் குறைவாக இருந்தபோது, கேப்டனாகவும் அணியின் தலைசிறந்த கோல் வீரராகவும் இருந்த லினேக்கரை மேலாளர் கிரகாம் டெய்லர் வெளியே அழைத்து, அவருக்குப் பதிலாக ஆர்சனலின் அலன் ஸ்மித்தை இறக்கினார். சில நிமிடங்களே எஞ்சியிருந்தபோது தாமஸ் புரோலின் அடித்த கோலால் ஸ்வீடன் 2-1 என்று வென்றது. இந்தப் போட்டியோடு சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகுவதாக லினேக்கர் முன்பே அறிவித்திருந்ததால், அவர் கேப்டன் கைப்பட்டையைக் கழற்றிக்கொண்டு வெளியே நடந்த அந்தக் காட்சியே அவருடைய கடைசிக் காட்சியாகவும் ஆனது.

டெய்லர் செய்தது அநியாயம் என்று எழுதுவது எளிது. எனக்கு இருப்பது வேறு கேள்வி. அந்த நேரத்தில் லினேக்கர் உண்மையிலேயே எந்த நிலையில் இருந்தார்? அவருடைய 48 கோல்களை எதை வைத்து எடைபோட வேண்டும்? விவரத்தோடு எழுதுவோர் வரவேற்கப்படுகிறார்கள். வெறும் வசைபாடலுக்கு இங்கே இடமில்லை.

எதிர்வாதி

நானே தொடங்குகிறேன். கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும்.

லினேக்கர் ஐந்து ஆட்டங்களில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கோல்கள் அடித்தார். துருக்கிக்கு எதிராக 1985-இல் மூன்று, போலந்துக்கு எதிராக 1986-இல் மூன்று, ஸ்பெயினுக்கு எதிராக 1987-இல் நான்கு, மறுபடியும் துருக்கிக்கு எதிராக அதே ஆண்டில் மூன்று, மலேசியாவுக்கு எதிராக 1991-இல் நான்கு. கூட்டினால் 17. ஆக, மற்ற 75 ஆட்டங்களில் அவர் அடித்தவை 31 கோல்கள்தாம். அந்த ஐந்து ஆட்டங்களில் இரண்டு அன்றைய துருக்கியுடன் நடந்தவை. 1987-இல் அந்த அணி வெம்ப்ளியில் 8-0 என்று தோற்றது. மலேசியாவுடன் நடந்தது வெறும் நட்பு ஆட்டம்.

அடுத்து ஐரோப்பியக் கோப்பை. 1988-இல் மூன்று ஆட்டங்கள், 1992-இல் மூன்று ஆட்டங்கள், ஆக மொத்தம் ஆறு. கோல்கள் பூஜ்யம். உலகக் கோப்பையில் அவர் ஆடியதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஐரோப்பியக் கோப்பையின் ஆறு ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்காத முன்கள வீரரை கடைசிவரை நம்பித்தான் ஆக வேண்டும் என்று எந்த மேலாளருக்கும் கட்டாயம் இல்லை. டெய்லரைக் கேலி செய்த மறுநாள் செய்தித்தாள்கள் இதை எழுதவில்லை. அவரை முள்ளங்கி வகைக் கிழங்காக வரைவதிலேயே அவற்றின் கவனம் இருந்தது.

மைதானப்புல்

எதிர்வாதி அவர்களே, கூட்டல் சரி. ஆனால் அந்த ஐந்தில் போலந்து ஆட்டத்தைத் துருக்கி ஆட்டங்களோடு ஒரே மூட்டையில் கட்டிவிட்டீர்கள். அதை மட்டும் பிரித்து வைத்துப் பார்க்க வேண்டும்.

1986 மெக்சிகோ உலகக் கோப்பை. இங்கிலாந்து மொன்டெரேயில் போர்ச்சுகலிடம் 1-0 என்று தோற்றது. அடுத்து மொராக்கோவுடன் கோலின்றிச் சமன் செய்தது. அந்த மொராக்கோ ஆட்டத்தில்தான் கேப்டன் பிரையன் ராப்சனின் தோள் மூட்டு விலகியது, ரே வில்கின்ஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். இரண்டு ஆட்டங்களில் ஒரு புள்ளி, ஒரு கோலும் இல்லை. அதுவரை லினேக்கருடன் முன்களத்தில் ஆடியவர் மார்க் ஹேட்லி. உயரமானவர், தலையால் முட்டுவதில் வல்லவர். அவர் அங்கே நின்றதால் அணி முழுவதும் பந்தை உயரத் தூக்கிப் போடுவதிலேயே குறியாக இருந்தது. தரையில் பந்து வேண்டுகிற லினேக்கர் அதற்கு நடுவே வேலையற்றவர்போல் நின்றுகொண்டிருந்தார். அவருடைய இடது மணிக்கட்டில் கட்டு வேறு. உலகக் கோப்பைக்குச் சில நாட்களுக்கு முன்பு கனடாவுடன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் அடிபட்டது அது.

ஜூன் 11 அன்று போலந்துக்கு எதிராக மேலாளர் பாபி ராப்சன் அணியைப் புரட்டிப் போட்டார். ஹேட்லி வெளியே, பீட்டர் பியர்ட்ஸ்லி உள்ளே. நடுக்களத்தில் ஸ்டீவ் ஹாட்ஜ், பீட்டர் ரீட், ட்ரெவர் ஸ்டீவன். ஒன்பதாவது நிமிடத்தில் வலப்பக்கத்திலிருந்து கேரி ஸ்டீவன்ஸ் தாழ்வாக அனுப்பிய பந்தை லினேக்கர் கோலுக்குள் தள்ளினார். பதினான்காவது நிமிடத்தில் பியர்ட்ஸ்லி இடப்பக்கம் நீட்டிய பந்தை ஹாட்ஜ் ஓடிப் பிடித்து நடுவே திருப்ப, அதுவும் லினேக்கர் காலில் பட்டு வலைக்குப் போனது. இடைவேளைக்கு முன்பே மூன்றாவது: கார்னர் பந்தைப் போலந்து கோல்கீப்பர் நழுவவிட, அது விழுந்த இடத்தில் அவர் இருந்தார். மூன்று கோல்களும் 34 நிமிடங்களுக்குள் முடிந்துவிட்டன. மூட்டையைக் கட்டி ஊர் திரும்ப இருந்த அணி அடுத்த சுற்றுக்குப் போனது.

பராகுவேக்கு எதிரான அடுத்த ஆட்டத்தில், அஸ்டெகா மைதானத்தில், இன்னும் இரண்டு. அந்த ஆட்டத்தில் எதிரணி வீரரின் கை தொண்டையில் பலமாகப் பட்டு அவர் சிகிச்சைக்காக எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்தபோது பியர்ட்ஸ்லி ஒரு கோல் அடித்தார். திரும்பி வந்த லினேக்கர் தன் இரண்டாவது கோலை அடித்தார். இங்கிலாந்து அந்தப் போட்டி முழுவதும் அடித்தது ஏழே கோல்கள். ஆறு லினேக்கருடையவை, மீதி ஒன்று அந்தப் பியர்ட்ஸ்லி கோல். போட்டியிலேயே அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியும் அவருக்கே கிடைத்தது.

சுவடி

1990-ஐயும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். இத்தாலியில் இங்கிலாந்து அடித்தவை எட்டு கோல்கள். லினேக்கர் நான்கு, டேவிட் பிளாட் மூன்று, மார்க் ரைட் ஒன்று. இரண்டு உலகக் கோப்பைகளையும் சேர்த்து நாட்டின் 15 கோல்களில் 10 ஒரே மனிதரின் கால்களிலிருந்தும் தலையிலிருந்தும் வந்தவை. 12 ஆட்டங்களில் 10 கோல்கள். ஒப்பிட்டுப் பார்க்க: இங்கிலாந்தின் பிற்கால முன்கள வீரர் ஹாரி கேன் 2022 கத்தார் போட்டி முடியும்வரை உலகக் கோப்பையில் அடித்தவை 8.

கிள்ளான்வாசி

மலேசிய ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் நானும் இரண்டு வார்த்தை எழுதலாம் என்று நினைக்கிறேன்.

அது 1991 ஜூன் 12 அன்று கோலாலம்பூரில் நடந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சுற்றுப்பயணத்தை முடித்துக்கொண்டு வந்த இங்கிலாந்து இங்கே கடைசி ஆட்டத்தை ஆடியது. முடிவு 4-2. இங்கிலாந்தின் நான்கு கோல்களும் லினேக்கருடையவை. மலேசியாவின் இரண்டும் மட்லான் மர்ஜான் அடித்தவை. எங்கள் தலைமுறைக் கால்பந்து ரசிகர்களிடம் அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் லினேக்கரின் நான்கைவிட மட்லானின் இரண்டைத்தான் முதலில் சொல்வார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை.

ஆனாலும் அந்த நான்கு கோல்களை ஏதோ இலவசமாகக் கிடைத்தவைபோல் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். வெயிலும் புழுக்கமும் நிறைந்த ஊரில், நீண்ட பயணத்தின் கடைசியில், அணியின் மற்றப் பத்துப் பேருக்கும் ஒரு கோல்கூடக் கிடைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எளிய எதிரணி என்றால் எல்லோருக்கும் எளியதாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

எதிர்வாதி

கிள்ளான்வாசி அவர்களின் கடைசிக் கேள்வி நியாயமானது. மலேசியாவை என் பட்டியலில் வைத்துக்கொள்கிறேன், ஆனால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன்.

ஸ்பெயின் ஆட்டத்தை நானே உயர்த்திச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் வேறு யாராவது சொல்லி என்னை மடக்குவார்கள். 1987 பிப்ரவரியில் மாட்ரிட்டின் பெர்னபேயு மைதானத்தில் இங்கிலாந்து 4-2 என்று வென்றது; நான்கும் அவருடையவை. அப்போது அவர் பார்சிலோனா வீரர். ஸ்பெயின் கோலைக் காத்து நின்ற சுபிசாரெட்டா அவருடைய சங்கத் தோழர். தினமும் பயிற்சியில் தன் உதை எந்தப் பக்கம் போகும் என்று பார்த்துப் பழகிய கோல்கீப்பருக்கு எதிராக, அதுவும் மாட்ரிட்டில், இப்படி ஆடுவது சாதாரணக் காரியமல்ல.

இருந்தும் ஐரோப்பியக் கோப்பையின் ஆறு ஆட்டங்கள் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே?

நெடுங்கோடு

சொல்கிறேன். 1988-ஐ முதலில் தள்ளி வைத்துவிடலாம். மேற்கு ஜெர்மனியில் நடந்த அந்தப் போட்டியில் இங்கிலாந்து மூன்று ஆட்டங்களிலும் தோற்றது: அயர்லாந்திடம் 1-0, நெதர்லாந்திடம் 3-1, சோவியத் ஒன்றியத்திடம் 3-1. லினேக்கர் கால்கள் ஓடவில்லை, மூச்சு வாங்கியது, அவரை எல்லோரும் திட்டினார்கள். அதன் பிறகுதான் அவருக்கு மஞ்சள் காமாலையை உண்டாக்கும் கல்லீரல் அழற்சி இருந்தது தெரியவந்தது. அந்த நோயோடு ஒருவர் மாடிப்படி ஏறுவதே பெரிது. அவர் வான் பாஸ்டன் ஆடிய நெதர்லாந்துக்கு எதிராக ஓடிக்கொண்டிருந்தார்.

1992-ஐத் தள்ளி வைக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். டென்மார்க்குடன் 0-0, பிரான்ஸுடன் 0-0, பிறகு ஸ்வீடன். ஆனால் அந்தப் போட்டி முழுவதிலும் இங்கிலாந்து அடித்ததே ஒரு கோல்தான், ஸ்வீடன் ஆட்டத்தின் நான்காம் நிமிடத்தில் பிளாட் அடித்தது. ஒரு முன்கள வீரர் வாடிப்போவது வேறு, அணியே வறண்டு கிடப்பது வேறு. அணியே வறண்டிருந்தது என்பதே என் எண்ணம்.

நடுவர்விசில்

டெய்லருக்காக ஒருவராவது வாதாட வேண்டும் அல்லவா, நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த மனிதரின் இடத்தில் இருந்து பாருங்கள். முதல் பாதியில் முன்னிலை பெற்ற அணி, இடைவேளைக்குப் பிறகு ஸ்வீடன் விரட்டிய விரட்டில் தன் பாதியை விட்டு வெளியே வர முடியாமல் திணறுகிறது. யான் எரிக்சன் தலையால் முட்டிச் சமன் செய்துவிட்டார். இங்கிலாந்துத் தற்காப்பு வீரர்கள் பந்தைத் தூக்கி முன்னே அடிக்கிறார்கள். அது சுவரில் பட்ட பந்துபோல் உடனே திரும்பி வருகிறது. லினேக்கர் ஒருபோதும் பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, முதுகால் எதிரணி வீரரைத் தாங்கி, தன் அணி முன்னேறும்வரை நேரம் வாங்கித் தருகிற வகை வீரர் அல்லர். அலன் ஸ்மித் அந்த வகை வீரர். மேலே ஒருவர் பந்தைத் தக்கவைத்தால் அணி மூச்சு விட்டுக்கொள்ளும், பிறகு வெற்றிக் கோலைத் தேடலாம் என்பது டெய்லரின் கணக்கு. பயிற்சி மையங்களில் இன்றைக்கும் இப்படித்தான் சொல்லித் தருவார்கள்.

லினேக்கரின் 49-ஆவது கோல் மேலாளரின் பொறுப்பு அல்ல. நாட்டை அரை இறுதிக்குக் கொண்டு செல்வதுதான் அவர் பொறுப்பு. சாதனைக்காக ஒருவரை மைதானத்தில் வைத்திருந்தால் அதுதான் குற்றம்.

தேன்மொழி_கே

இங்கே ஒரு சிறு குறிப்பு. லெஸ்டர் சிட்டி சங்கத்தில் 1980-களின் முதற்பாதியில் லினேக்கருக்குப் பக்கத்தில் ஆடியவர் இதே அலன் ஸ்மித்தான். ஸ்மித் பந்தைப் பிடித்துத் தர, லினேக்கர் பின்னாலிருந்து ஓடிவந்து அடிக்க, அப்படித்தான் இருவரும் பெயர் வாங்கினார்கள். இருவரையும் சேர்த்து ஆட விட்டிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லையா? லெஸ்டரில் பல பருவங்கள் பழகிய கூட்டணி கையருகே இருக்கும்போது ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரை இறக்கியதுதான் எனக்குப் புரியவில்லை.

மைதானப்புல்

தேன்மொழி அவர்கள் சரியான இடத்தில் கையை வைத்திருக்கிறார்கள். நடுவர்விசில் அவர்கள் டெய்லரின் நிமிடக் கணக்கைச் சரியாகவே விளக்கினார், அதில் எனக்குச் சண்டையில்லை. அந்த நிமிடத்துக்கு அவரைக் கொண்டு வந்து நிறுத்திய இரண்டாண்டுக் கணக்கில்தான் சண்டை.

லினேக்கர் எப்படிப்பட்ட வீரர்? பெனால்டி கட்டத்துக்குள் வாழ்ந்தவர். இருபது கெஜத்திலிருந்து உதைத்து வலையைக் கிழிக்கிற வேலையெல்லாம் அவரிடம் அரிது. பந்து எங்கே வரும் என்று ஊகித்து, தற்காப்பு வீரருக்கு அரைக் கணம் முன்பே அந்த இடத்துக்கு ஓடிவிடுவார். பத்து முறை ஓடினால் ஒன்பது முறை பந்து வராது, பத்தாவது முறை வரும்போது அவர் தனியாக இருப்பார். ஆகவே அவருடைய கணக்கு என்பது, அந்தப் பத்தாவது பந்தை அனுப்புகிறவர்களின் கணக்கும்தான். மொன்டெரேயில் பியர்ட்ஸ்லி வந்ததும் எல்லாம் மாறியதைப் பார்த்தோம். அதே போட்டியின் கால் இறுதியில், அர்ஜென்டினாவிடம் 2-0 என்று பின்தங்கி இருந்தபோது, ஆட்டம் முடிய ஏறத்தாழக் கால்மணி நேரம் இருக்கையில் ஜான் பார்ன்ஸ் மாற்று வீரராக வந்தார். இடப்பக்கம் எதிரணியினரை வெட்டித் தள்ளிக்கொண்டு போய் அவர் அனுப்பிய கிராஸை 81-ஆவது நிமிடத்தில் லினேக்கர் தலையால் முட்டினார். சில நிமிடங்கள் கழித்து மறுபடியும் அதே பார்ன்ஸ், அதே பக்கம், அதே மாதிரி கிராஸ். லினேக்கர் கோலுக்கு முன்னால் பாய்ந்தார். அர்ஜென்டினாவின் ஒலார்டிகோசெயா எப்படியோ தன் பின்னந்தலையால் பந்தை வெளியே தள்ளினார். வலைக்குள் போய் விழுந்தது லினேக்கர்தான், பந்து அல்ல. அதே ஆட்டத்தில் மரடோனா கையால் அடித்த கோலைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் இந்தப் பின்னந்தலையை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது 1992-க்கு வாருங்கள். பார்ன்ஸ் போட்டிக்குச் சில நாட்களுக்கு முன் ஹெல்சின்கியில் பின்லாந்துடன் ஆடுகையில் குதிகால் தசைநாண் அறுந்து ஊர் திரும்பிவிட்டார். நடுக்கள வீரர் பால் கேஸ்கோய்ன் 1991-இல் இங்கிலாந்துச் சங்கங்களின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் முழங்காலை உடைத்துக்கொண்டவர், அதுவரை மீளவில்லை. இவை இரண்டும் விதி. டெய்லரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கிறிஸ் வாடில்? மார்செய் சங்கத்தோடு அந்த ஆண்டும் பிரெஞ்சு லீகை வென்றிருந்த அவரை டெய்லர் ஸ்வீடனுக்கு அழைத்துச் செல்லவில்லை. பியர்ட்ஸ்லி? எவர்டனில் நல்ல உடல்நிலையோடு கோல் அடித்துக்கொண்டிருந்தார். 1991-க்குப் பிறகு டெய்லர் அவரைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. தண்ணீர் வருகிற நான்கு வாய்க்காலில் இரண்டு விதியால் அடைபட்டன, இரண்டை அவரே அடைத்தார், பிறகு பயிர் வாடியதைக் கண்டு அதைப் பிடுங்கி எறிந்தார்.

எதிர்வாதி

உங்கள் வாதத்தை அப்படியே ஏற்றால் லினேக்கரின் பெருமையும் பாதியாகிவிடுமே? ஊட்டுவதற்கு ஆள் இருந்தால் உண்பேன், இல்லையென்றால் பட்டினி என்றிருப்பவரை மகத்தான வீரர் என்று எப்படிச் சொல்வது? ஜிம்மி கிரீவ்ஸ் 57 ஆட்டங்களில் 44 கோல்கள் அடித்தார், தன் கோலைத் தானே உருவாக்கிக்கொள்ளத் தெரிந்தவர். கேன் இன்றைக்குத் தானே நடுக்களம்வரை இறங்கிப் பந்தை வாங்கி, மற்றவர்களுக்கும் பிரித்துக் கொடுக்கிறார்.

நெடுங்கோடு

எதிர்வாதி அவர்களுக்கு 1990-இன் இரண்டு ஆட்டங்களைப் பதிலாக வைக்கிறேன்.

ஜூலை 1, நேப்பிள்ஸ், கால் இறுதி. கேமரூன் 2-1 என்று முன்னிலை. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள். அன்று கேமரூன் இங்கிலாந்தைவிட நன்றாக ஆடியது என்பதை இங்கிலாந்துக்காரர்களே ஒத்துக்கொள்வார்கள். 83-ஆவது நிமிடத்தில் கட்டத்துக்குள் லினேக்கரை வீழ்த்தினார்கள், பெனால்டி. எழுந்து தானே அடித்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் கேஸ்கோய்ன் தற்காப்பைப் பிளந்து அனுப்பிய பந்தைத் துரத்தியபோது மறுபடியும் வீழ்த்தினார்கள். மறுபடியும் தானே எழுந்து அடித்தார், 3-2. இரண்டு பெனால்டிகளையும் வாங்கியவரும் அடித்தவரும் ஒருவரே. கால்கள் நடுங்குகிற நேரத்தில் ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை அந்தப் புள்ளிக்கு நடந்து போவது வெறும் ஊட்டிவிட்ட சோற்றை உண்பதாகுமா?

இடையில் ஒன்று: 2023 மார்ச்சில் கேன், வெய்ன் ரூனியின் 53 கோல் இங்கிலாந்துச் சாதனையை முறியடித்ததும் இதே நேப்பிள்ஸ் மைதானத்தில்தான், அதுவும் பெனால்டியில். அதற்குள் மைதானத்துக்கு மரடோனாவின் பெயரைச் சூட்டியிருந்தார்கள்.

ஜூலை 4, டூரின், அரை இறுதி, மேற்கு ஜெர்மனி. ஜெர்மனியின் பிரெமே அடித்த ஃப்ரீகிக் இங்கிலாந்தின் பால் பார்க்கர் காலில் பட்டு எகிறி, கோல்கீப்பர் பீட்டர் ஷில்டன் தலைக்கு மேல் உள்ளே விழுந்தது. 80-ஆவது நிமிடத்தில் அதே பார்க்கர் வலப்பக்கத்திலிருந்து ஒரு நீண்ட பந்தை அனுப்பினார். நல்ல பந்து என்று சொல்ல முடியாது, சும்மா தூக்கிப் போட்ட பந்து. ஜெர்மானியத் தற்காப்பு வீரர்கள் மூன்று பேர் சூழ இருந்தார்கள். அவர்களில் ஒருவரான யூர்கன் கோலர் அதைச் சரியாக வெளியேற்றத் தவறினார். லினேக்கர் வலது தொடையால் பந்தைத் தன் இடப்பக்கம் தட்டிக்கொண்டு, நிமிர்ந்து பார்க்கவும் நேரமில்லாமல், இடது காலால் கோலின் எதிர்மூலைக்கு அடித்தார். ஜெர்மனியின் கோல்கீப்பர் இல்க்னர் பாய்ந்தும் எட்டவில்லை. அவர் வலது கால்காரர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் கோலை மறுபடி பாருங்கள். அங்கே வாய்க்காலும் இல்லை, வாடிலின் பந்தும் இல்லை. ஒரு சுமாரான பந்து, ஒரு ஜெர்மானியரின் தடுமாற்றம், அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த மூலப்பொருள்.

பெனால்டி மோதலில் இங்கிலாந்தின் முதல் உதைக்கு வந்தவரும் அவரே, அதைக் கோலாக்கினார். ஸ்டூவர்ட் பியர்ஸும் வாடிலும் தவறவிட்டார்கள்.

நடுவர்விசில்

நெடுங்கோடு அவர்களின் டூரின் விவரிப்பு என் வாயை அடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது 1990. நாம் பேசுவது 1992. இரண்டுக்கும் நடுவே அவரிடம் ஏதோ மாறியிருந்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு: 1992 மே 17, வெம்ப்ளி, பிரேசிலுடன் நட்பு ஆட்டம். அவர் அப்போது 48-இல் நிற்கிறார். பெனால்டி கிடைக்கிறது. அடித்தால் சார்ல்டனுக்குச் சமம். நேப்பிள்ஸில் இரண்டு முறை கலங்காமல் அடித்த மனிதர், இங்கே பந்தை மெதுவாகக் கிள்ளிக் கோலின் நடுவில் போட முயன்றார். அது உயரவும் இல்லை, வேகமும் இல்லை. கோல்கீப்பர் கார்லோஸ் எளிதாகப் பிடித்துக்கொண்டார். பாதி உலகம் பார்க்கிற அரை இறுதியில் நேராக அடித்தவர், புள்ளியே இல்லாத ஆட்டத்தில் வேடிக்கை காட்டினார். சாதனை அவர் மனத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது என்று நான் நினைக்கிறேன். டெய்லர் பயிற்சியில் தினமும் அவரைப் பார்த்தவர். நமக்குத் தெரியாததை அவர் பார்த்திருக்கலாம்.

சுவடி

பிரேசில் பெனால்டியைப் பற்றிய வாசிப்பு சுவையாக இருக்கிறது. ஆனால் அந்த ஆண்டை வாட்டம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பிப்ரவரியில் பிரான்ஸுக்கு எதிராக மாற்று வீரராக வந்து அடித்தார் (அதுதான் அலன் ஷியரரின் முதல் ஆட்டம், அவரும் அடித்தார்). ஏப்ரல் கடைசியில் மாஸ்கோவில் அடித்தது 48-ஆவது. ஒன்றரை மாதம் கோல் இல்லாமல் போவது எந்த முன்கள வீரருக்கும் நேர்வது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்து 1992 ஐரோப்பியக் கோப்பைக்குப் போனதே எப்படி? 1991 நவம்பர் 13, போஸ்னான், கடைசித் தகுதிச்சுற்று ஆட்டம். போலந்து 1-0 என்று முன்னிலையில் இருந்தது. அதே நாளில் இஸ்தான்புல்லில் அயர்லாந்து துருக்கியை 3-1 என்று வென்றுகொண்டிருந்தது. இங்கிலாந்து தோற்றால் ஸ்வீடனுக்குப் போகும் சீட்டு அயர்லாந்துக்கு. 77-ஆவது நிமிடத்தில் கார்னர் பந்தைக் கேரி மாபட் தலையால் தொட்டுவிட, லினேக்கர் திரும்பியபடி காற்றிலேயே பந்தை உதைத்து வலைக்குள் செலுத்தினார், 1-1. அந்தக் கோல் இல்லையென்றால் டெய்லருக்கு ஸ்வீடனே இல்லை; அவரை வெளியே அழைக்க ராசுண்டா மைதானமும் இல்லை.

தேன்மொழி_கே

எல்லோரும் 48, 49 என்று எண்ணிக்கொண்டிருக்கையில் ஒரு பூஜ்யத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தம் ஆட்ட வாழ்க்கை முழுவதிலும் லினேக்கருக்கு ஒரு மஞ்சள் அட்டைகூடக் காட்டப்பட்டதில்லை. பராகுவே ஆட்டத்தில் தொண்டையில் அடிவாங்கியவர், கேமரூன் ஆட்டத்தில் இரண்டு முறை தள்ளப்பட்டவர், நடுவரிடம் போய்க் கத்தியதாக ஒரு காட்சியும் கிடையாது. சோல்னாவில் வெளியே அழைக்கப்பட்டபோதும் முகம் இறுகியதே தவிர, பேசாமல் போய் உட்கார்ந்தார்.

எதிர்வாதி

ஆறு ஆட்டங்கள், பூஜ்யம் கோல் என்ற என் கணக்கு அப்படியே நிற்கிறது. ஆனால் அந்தப் பூஜ்யத்தை யார் தலையில் எழுதுவது என்பதில் மைதானப்புல் சொல்வதற்கு வலு இருக்கிறது என்று ஏற்கிறேன். பியர்ட்ஸ்லியை ஏன் விட்டுவிட்டார் என்பதற்கு மட்டும் யாரேனும் நியாயம் சொன்னால் கேட்கத் தயாராக இருக்கிறேன்.

மைதானப்புல்

நியாயம் எனக்குக் கிடைக்கவில்லை. பிறகு நடந்ததைச் சொல்கிறேன். லினேக்கர் ஜப்பானின் நகோயா கிராம்பஸ் எய்ட் சங்கத்துக்குப் போய்விட்டார். டெய்லரின் அணி 1994 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. 1993 நவம்பரில் அவர் விலகினார். அடுத்து வந்தவர் டெர்ரி வெனபிள்ஸ். 1994 மார்ச் 9 அன்று வெம்ப்ளியில் டென்மார்க்குக்கு எதிராக அவர் தேர்ந்தெடுத்த முதல் அணியில் முன்களத்தில் ஷியரர் இருந்தார். அவருக்குப் பக்கத்தில், அப்போது 33 வயதான பீட்டர் பியர்ட்ஸ்லி இருந்தார்.